கைப்பணியும் கல்வியே

நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒன்றுகூடல் ஒன்றிலே, ஒரே வாங்கில் என்னோடு அமர்ந்து படித்த நண்பர் சிலரைப் பல்லாண்டுகளின் பின் கண்டு அளவளாவும் பேறு எனக்குக் கிட்டிற்று. அவருள் ஒருவர் வைத்தியர்; ஒருவர் வங்கி முகாமையாளர்; மற்றொருவர் கணக்காளர். நான் எங்கே பணிபுரிகின்றேன் என்று வினவினர். வத்தேகமப் பகுதியிலே ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியனாயிருக்கின்றேன் என்றேன். "தமிழ்தானே படிப்பிக்கிறாய்?" என்றார் கணக்காளர். "தமிழும் படிப்பிக்கிறேன், கிழமையில் இரண்டு பாடவேளை சிறுவர்க்குக் கைப்பணியும் பழக்குகிறேன்" என்றேன். "இதற்காகவா மச்சான் நம் வாத்தியார் உனக்கு யாப்பிலக்கணம் படிப்பித்தார்?" என்று அவர் கூற, யாவரும் நகைத்தனர். நானும் நகைத்தேன். எனினும் அந்நகைப்பு மாலையில் வத்தேகம பஸ்ஸில் என்னோடு ஏறி வீடுவரை வந்தது. நண்பரை நொந்து இதனை எழுதுகின்றேனல்லேன். அவர் நகைப்பிலே நம் சமூகத்தின் ஒரு நெடுநாள் எண்ணம் ஒளிந்து கிடக்கின்றது. அவ்வெண்ணத்திற்கு விடை கூற யூபிலி மலரினும் தக்க இடம் வேறில்லை.

முதற்கண் நிகழ்ந்ததொன்றைக் கூறி, பின்னர் என் கருத்துக்கு வருவேன்.

வத்துகாமம் என்றும் நம்மவர் வழங்கும் வத்தேகம, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்த சிற்றூர். அப்பாதை 1880 இல் திறக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் நாடு அது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கு பெய்யும் மழை சாய்ந்து பெய்யும். எங்கள் நான்காந் தர வகுப்பறைக்கு ஒருபுறம் அரைச்சுவரே உண்டு. சுவரோரம் வைக்கும் புத்தகப் பைகள் மழைநாளில் நனைந்துவிடும். நனைந்த கொப்பிகளைக் கண்டு பிள்ளைகள் அழுவதும், "உங்கள் பைகளை நீங்களே காக்கவேண்டும்" என யான் கடிவதும் வழக்கமாயிருந்தன. ஒருநாள், கடிதலை நிறுத்தி, "இதற்கு என்ன செய்யலாம்?" என்று வினவினேன்.

பைகளை நிலத்தினின்று உயர்த்தி வைக்கத் தட்டொன்று வேண்டும் என்றனர் பிள்ளைகள். எத்துணை நீளம் வேண்டும் என்றேன். அடிமட்டத்தை எடுத்து அளந்தனர். ஒரு பையின் அகலம் 30 சதமமீற்றர்; பிள்ளைகள் 32 பேர்; ஆகவே 960 சதமமீற்றர். மழை படாத உட்சுவரின் நீளமோ 600 சதமமீற்றர். பத்து மீற்றர்த் தட்டு ஆறு மீற்றர்ச் சுவரில் எங்ஙனம் அடங்கும்? இரண்டடுக்காகச் செய்யலாம் என்றான் ஒருவன். மேலடுக்கு எமக்கு எட்டாது என்றாள் வகுப்பிற் குட்டையான சிறுமி. சிறிது நேரம் வகுப்பு ஓய்ந்திருந்தது. பின்னர் ஒருத்தி எழுந்து, "சேர், அலுமாரியில் புத்தகம் நிற்பதுபோலப் பையைத் திருப்பி வைத்தால் என்ன?" என்றாள். பையின் தடிப்பு 15 சதமமீற்றர்; முப்பத்திரண்டு பைக்கும் 480 சதமமீற்றரே வேண்டும். ஓரடுக்கே போதுமாயிற்று! பெருக்கல் வாய்பாட்டைப் பல்லாண்டாய் ஒப்புவிக்கக் கேட்டவன் யான். அஃது ஒரு பிள்ளையின் முகத்தில் ஒளியாய்த் தோன்றியதை அன்றே கண்டேன்.

அடுத்த பாடவேளையில் ஈர்க்காலும் நூலாலும் சிறு மாதிரித் தட்டுச் செய்தனர். நிறுத்தியதும் அது பக்கவாட்டிற் சரிந்து படுத்துவிட்டது. வகுப்பில் எப்பொழுதும் முதலாவதாய் வரும் சிறுமி கண்கலங்கினாள். எழுதும் விடை பிழைத்தால் அழித்துவிடலாம். கண்முன் சரியும் பொருளை அழிக்க வழியில்லை. அப்பொழுது, எழுத்திற் பின்தங்கியவன் என்று யான் குறித்து வைத்திருந்த ஒரு தோட்டத்துச் சிறுவன் இரண்டு ஈர்க்கை எடுத்து மூலைக்கு மூலை சாய்வாகக் கட்டினான். மாதிரி அசையாது நின்றது. "எங்கே கற்றாய்?" என்றேன். "அப்பா மாட்டுப் பட்டிக்கு இப்படித்தான் கட்டுவாரு" என்றான். நாற்கோணம் நெளியும், முக்கோணம் நெளியாது என்னும் கேத்திரகணித உண்மை அவன் வீட்டில் இருந்தது. அதனை ஏற்றுக்கொள்ளப் பாடசாலையில் இதுவரை இடம் இருந்ததில்லை.

ஊரார் 'பாஸ்' என்றழைக்கும் தச்சர் ஒருவர், பிள்ளைகள் வரைந்த படத்தைப் பார்த்தே மூங்கிலை வெட்டித் தந்தார். வாளும் உளியும் அவர் கையில். அளத்தலும் பிணைத்தலும் பிள்ளைகள் கையில். தட்டு எழுந்தது. அதன்பின் 'நாங்கள் தட்டுச் செய்த விதம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். 'பசு ஒரு வீட்டு மிருகம்' என்று தொடங்கி மூன்று வரியில் நின்றுவிடும் பிள்ளைகள் ஒரு முழுப் பக்கம் எழுதினர். ஊன்றினோம், பிணைத்தோம், சாய்த்துக் கட்டினோம், இறுக்கினோம், தளர்ந்தது, மீண்டும் கட்டினோம் என வினைச்சொற்கள் வரிசையாய் வந்தன. சொல்லத் தக்கதொன்று உள்ளவனுக்கே சொல் வரும் என்பதை இருபதாண்டு தமிழ் கற்பித்த பின்னர் அத்தட்டே எனக்குக் கற்பித்தது.

இதனையே இன்று கல்வியாளர் 'வடிவமைப்பும் தொழினுட்பமும்' என்பர். பெயர் பெரிது, பொருள் எளிது. ஒரு தேவையைக் காணுதல், அதற்கொரு வழியை மனத்திலும் தாளிலும் அமைத்தல், கையினாற் செய்து பார்த்தல், செய்ததைச் சோதித்துத் திருத்துதல் என்னும் நான்குமே அதன் உறுப்புக்கள். அலங்காரத்துக்காகக் கடதாசிப் பூ ஒட்டுதல் இதுவன்று. அங்கு ஆசிரியர் காட்டியதைப் பிள்ளை பின்பற்றுவது மட்டுமே உண்டு. தச்சனாக்கும் தொழிற்பயிற்சியும் இதுவன்று. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தொழிலைத் தீர்மானிக்க எவருக்கும் உரிமையில்லை. பின்லாந்து நாட்டினர் 1866 ஆம் ஆண்டிலேயே தம் பொதுமக்கள் பாடசாலைகளிற் கைப்பணியைக் கட்டாய பாடமாக்கினர். உனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளர் அதற்குக் காரணராயிருந்தார். இங்கிலாந்து 1990 இல் இப்பாடத்தைத் தன் தேசிய பாடத்திட்டத்திற் சேர்த்து, ஐந்து வயதுக் குழந்தைகளினின்றே தொடங்கிற்று. அந்நாட்டார் தம் பிள்ளைகள் யாவரும் தச்சராகவேண்டும் என விரும்பியா இதனைச் செய்தனர்? அன்று. சிந்தனைக்குக் கையும் ஒரு வாயில் என உணர்ந்தே செய்தனர்.

இனி, எதிர்வாதத்துக்கு வருவோம். முதல் எதிர்வாதம் கற்றவரிடமிருந்து வரவில்லை, தோட்டத்திலிருந்தே வந்தது. தட்டுச் செய்த அடுத்த கிழமை, ஒரு சிறுமியின் தந்தையார் வேலை முடிந்த கையோடு பாடசாலைக்கு வந்தார். அவர் சினந்து பேசவில்லை. "சேர், எங்க கை மலையில தேஞ்சு போச்சு. பிள்ளைக்கும் கைவேலைதானா? அது பேனை புடிக்கட்டும்னுதானே இங்க அனுப்புறோம்" என்றார். இவ்வாதத்தை அறியாமை என்று தள்ளுதல் பெரும் பிழையாகும். இதன்பின்னே ஒரு வரலாறு நிற்கின்றது.

1920 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம், தோட்டங்களில் வாழும் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்வது தோட்ட நிருவாகத்தின் கடமை என விதித்தது. பத்து வயதோடு அக்கடமை முடிந்தது. அதன்பின் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமே காத்திருந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இலேயே. தலைமுறை தலைமுறையாகக் கையை மட்டுமே கேட்ட ஓர் ஒழுங்கிலே வாழ்ந்த மக்கள், கையின் பெயரைக் கேட்டாலே அஞ்சுதல் இயல்பன்றோ?

தமிழர் மட்டும் இங்ஙனம் எண்ணினர் என்பதும் இல்லை. 1930களில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸ என்னும் ஊரிலே கிராமியக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. பயிர்ச்செய்கையையும் ஊர்க் கைப்பணிகளையும் சுற்றாடலையும் பாடங்களோடு இணைக்க முயன்ற அத்திட்டம் பல பாடசாலைகளுக்குப் பரவியது. எனினும் நகரத்துப் பிள்ளை ஆங்கிலம் கற்று உத்தியோகம் பெற, தம் பிள்ளைக்கு மண்வெட்டியா என ஐயுற்ற கிராமத்துப் பெற்றோர் அதனை விரும்பவில்லை. அவர்தம் ஐயம் நியாயமானதே. ஒரு சாராருக்குப் புத்தகமும் மறுசாராருக்குக் கைப்பணியும் எனப் பிரிக்கும் கல்வி எத்துணை நல்லெண்ணத்தோடு வந்தாலும் அநீதியே. இந்தியாவில் 1937 இல் வார்தாவிலே காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டது. பிள்ளைகள் செய்யும் பொருளின் விலையாற் பாடசாலையின் செலவு ஈடாகலாம் என்னும் கருத்து அதில் இருந்தமையால், பாடசாலை தொழிற்சாலையாகிவிடுமோ எனச் சிலர் அஞ்சினர். அவ்வச்சத்தையும் யான் மதிக்கின்றேன். எங்கள் தட்டு விற்பனைக்கன்று.

ஆயின், அத்தந்தையாருக்கு யான் கூற விரும்பிய விடை இது: தோட்டம் உங்களிடமிருந்து பறித்தது பேனையை மட்டுமன்று, வேலையைத் திட்டமிடும் உரிமையையும் பறித்தது. எந்த மலையில், எந்த நிரையில், எத்தனை கிலோ என்பதை மற்றொருவர் தீர்மானித்தார்; உங்கள் கை அதனை நிறைவேற்றியது. கை உங்களது, கருத்து வேறொருவரது. அப்பிரிவே அடிமைத்தனம், கைவேலை அடிமைத்தனமன்று. பேனை பிடித்தவனும் பிறர் கருத்தையே பெயர்த்தெழுதிக் காலங்கழிப்பானாயின் அவன் நிலையும் வேறன்று. உங்கள் மகள் பையைத் திருப்பி வைக்கலாமென்று கண்டாளே, அக்கணத்தில் அவள் கையையும் கருத்தையும் ஒன்றாக்கினாள். இவ்வளவையும் அவரிடம் கூற எனக்கு நா எழவில்லை. தட்டை மட்டும் காட்டினேன். அவர் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார். "இது நிக்கும்" என்றார். வேறொன்றும் கூறாது விடைபெற்றார். அவரை வாதத்தில் வென்றேன் என யான் கூறமாட்டேன்.

கத்தோலிக்கப் பாடசாலையிற் பணிபுரியும் சைவன் என்னும் முறையில் அங்கு யான் கண்டதொன்றையும் கூறவேண்டும். கண்டி மறைமாவட்டத்தைத் தொடக்கத்தில் நடத்தியவர்கள் சில்வெஸ்திரியன் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர். 1886 இல் அம்மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது முதல் ஆயராயிருந்த பஞ்ஞானி ஆண்டகையும் அச்சபையினரே. அவர்களின் மூலகுருவாகிய புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டிலே இத்தாலியில் வகுத்த ஒழுங்கு, துறவியின் நாளைச் செபத்துக்கும் வாசிப்புக்கும் கையுழைப்புக்குமாகப் பங்கிடுகின்றது. தூரின் நகரத்து தொன் பொஸ்கோ அடிகள் 1853 இல் ஏழைச் சிறுவர்க்காகச் செருப்புத் தைக்கும் கூடத்தையும் தையற் கூடத்தையும் திறந்தார். புனித சூசையப்பரைத் தொழிலாளராகப் போற்றும் திருநாளை மே மாதம் முதலாந் திகதிக்கு 1955 இல் ஏற்படுத்தினார் பன்னிரண்டாம் பத்திநாதர். இவையெல்லாம் அம்மதத்தார் நன்கறிந்தவை. இருந்தும், 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்கு வந்த பின்னரும் சரி, அதற்கு முன்னரும் சரி, பரீட்சைப் பெறுபேறே பாடசாலையின் பெருமை என்னும் எண்ணத்தில் அவர்களும் நம்மைப் போன்றவர்களே. சுவரிலே தச்சரின் படம். வகுப்பிலே தச்சு இல்லை.

அவர்களைக் குறைகூறுமுன் நம் முற்றத்தைப் பார்ப்போம். நவராத்திரியின் ஒன்பதாம் நாளிலே நாம் செய்வது யாது? புத்தகத்தையும் கருவியையும் ஒரே பீடத்தில் வைத்துப் பூசிக்கின்றோம். தோட்டத்து லயங்களிற் கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் பொட்டணிந்து ஏட்டின் அருகே வீற்றிருக்கும். இதனினும் மேலான கல்விக் கொள்கை எந்நாட்டிலுண்டு? ஆனால், விசயதசமி கழிந்த மறுநாளே ஏடு ஒரு பிள்ளைக்கும் கருவி மற்றொரு பிள்ளைக்குமாகப் பிரிந்துவிடுகின்றது. பெரிய புராணம் போற்றும் அடியார்களுள் திருநீலகண்டர் குயவர், நேசர் நெசவாளர். அவர்களைக் கோயிலிற் கும்பிடும் நாம், மண் பிசைபவனையும் தறி நெய்பவனையும் வீட்டு வாயிலில் எவ்வாறு நிறுத்தினோம்? கைப்பணியை இழிவென எண்ணும் எண்ணத்தினுள்ளே சாதியெண்ணம் உறைந்து கிடக்கின்றது. இதனை வெளிப்படையாகக் கூறினாலன்றி நாம் திருந்தோம். என் நண்பரின் நகைப்பிலும், அவர் அறியாமலே, அதன் சாயல் இருந்தது.

சிங்களச் சகோதரரிடமும் இந்நோய் உண்டு. வத்தேகம அமைந்த தும்பறைப் பிரதேசத்தின் புகழ்பெற்ற கைப்பணி தும்பறைப் பாய். ஹண என்னும் செடியின் நாரை எடுத்து, சாயமூட்டி, தறியிலிட்டு, கோணங்களும் கோடுகளும் உருவங்களுமாக நெய்யப்படுவது அது. ஒவ்வோர் உருவத்துக்கும் எத்தனை இழை என எண்ணி நெய்யும் அவ்வேலை, கணிதமும் ஓவியமும் ஒருங்கு கூடியது. 2021 ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் அக்கைத்திறனை மானிட குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் அப்பாயை நெய்த மக்களோ, நெடுங்காலம் தம் ஊரிலேயே தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். கைக்குப் பரிசும் கைக்குரியவனுக்கு இகழ்ச்சியும் அளிப்பது இந்நாட்டின் பழைய வழக்கம்.

இவ்வழக்கத்தை முதன்முதல் உரத்துக் கண்டித்தவர்களுள் ஒருவர் நம்மவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். 1877 இற் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, நிலவியல் ஆய்வாளராய் இந்நாடெங்கும் சுற்றியபோது கண்டி நாட்டுக் கைவினைஞர்களைக் கண்டார். அவர்தம் வேலையில் ஈடுபட்டார். 1908 இல் அவர் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல், ஓவியர், தச்சர், கன்னார், நெசவாளர் முதலியோரின் தொழிலை அறிவின் வடிவமாகக் கண்டு எழுதப்பட்டது. விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒரு தமிழர், ஊர்த் தச்சனிடம் மாணவனாய் நின்று கேட்டு எழுதியதனாலேயே அந்நூல் நிலைபெற்றது. நாம் கற்கவேண்டியது அப்பணிவே.

கல்வித் திணைக்களத்தார் இதனை அறியாதவரல்லர். 1972 இன் சீர்திருத்தத்திலே தொழின் முன்னிலைக் கல்வி கனிட்ட இடைநிலை வகுப்புக்களிற் புகுத்தப்பட்டது. 1977 இன் ஆட்சிமாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றையும் சேர்த்து வகுத்து, 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்னும் பாடத்தையும் தந்தது. சாதாரண தர வகுப்பில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் போன்ற பாடங்கள் வந்தன. 2013 இல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை தனித்துறையாகத் தொடங்கப்பட்டது. கதவுகள் பல திறந்தன, உண்மை. எனினும், ஆறு வயதில் தொடங்கவேண்டிய பழக்கத்தைப் பதினாறு வயதில் தொடங்கினால் யாது நிகழும்? வேறு துறைக்குப் புள்ளி போதாதவன் செல்லும் துறை என்று அதற்கும் பெயர் வந்துவிடும். வேரில் நீரூற்றாது கிளையில் நீர் தெளித்தலை இஃதொக்கும்.

ஆரம்ப வகுப்பில் தடையாய் நிற்பது ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. அதன் பிறப்பு மேன்மையானது. 1945 இல் இலவசக் கல்வியை நாட்டுக்கு வழங்கிய கன்னங்கரா அவர்கள், ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்து மத்திய கல்லூரிகளிற் சேர்க்க விரும்பியதன் பயன் அது. இன்றோ, நான்காந் தரத்திலேயே பிள்ளைகள் மாலை வகுப்புக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் இரையாகின்றனர். கைப்பணிக்கு ஒதுக்கிய பாடவேளையை வினாத்தாளுக்கு ஈந்துவிடுமாறு கேளாத பெற்றோர் அரியர். பரீட்சையை ஒழிக்கவேண்டும் என யான் கூறேன். அதனால் உயர்ந்த ஏழைகளை யான் அறிவேன். ஆனால், பையின் தடிப்பை அளந்து பெருக்கிய பிள்ளை கணிதத்தை இழக்கவில்லை. செய்ததை எழுதிய பிள்ளை மொழியை இழக்கவில்லை. கிழமைக்கு இரண்டு பாடவேளையாற் புலமைப்பரிசில் போய்விடுமெனின், அஃது அப்பாடவேளையாற் போவதன்று.

என் முயற்சி யாவும் கைகூடின எனக் கூறினால் அது பொய்யாகும். ஒரு தவணை, ஓடையிற் சுழலும் நீர்ச்சில்லுச் செய்யப் புகுந்தோம். மழையில் ஓடை பெருகி எல்லாவற்றையும் கொண்டு சென்றது. மீளத் தொடங்கப் பாடவேளை இருக்கவில்லை. மற்றொரு முறை, ஆண்பிள்ளைகள் கட்ட, பெண்பிள்ளைகள் கூட்டித் துப்புரவு செய்து நின்றதைப் பாடம் முடிந்த பின்னரே கவனித்தேன். குற்றம் என்னுடையது. அதன்பின், கருவி யார் கையில் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றி வைத்தேன். ஆசிரியர் கலாசாலையில் எமக்குக் கற்பித்தல் முறைகள் பல கற்பித்தனர். ஒரு முடிச்சுப் போடக் கற்பிக்கவில்லை. ஆகவே ஆசிரியனும் பிள்ளையோடு பிழைவிட்டே கற்கவேண்டியிருக்கின்றது. வகுப்பின் முன் பிழைவிட நாணாதவனே இப்பாடத்தைக் கற்பிக்க வல்லவன்.

பழைய மாணவப் பெருமக்களே! யூபிலி காணும் இவ்வேளையில் கட்டடம் எழுப்பவும் வாயில் வளைவு அமைக்கவும் நீங்கள் பொருளுதவுகின்றீர்கள், நன்று. ஆயினும் சிறியதொரு விண்ணப்பம். நம் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் எங்கிருந்து வருகின்றனர்? இத்தகைய ஆரம்பப் பாடசாலைகளிலிருந்தே. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி அளியுங்கள். அதனுள் அடிமட்டம், அளவுநாடா, மூலைமட்டம், சிறு சுத்தியல், கத்தரிக்கோல், சணல் நூல், பசை, தடித்த அட்டை ஆகியன இருந்தாற் போதும். ஒரு பெயர்ப்பலகைக்குச் செலவாகும் பணமும் வேண்டா. இரண்டாவதாக, உங்களுள் இளைப்பாறிய பொறியியலாளரும் படவரைஞரும் மின்வினைஞரும் உளர். தவணைக்கு ஒருநாள் ஓர் ஆரம்ப வகுப்பில் வந்து அமருங்கள். விரிவுரை வேண்டா. பிள்ளைகள் செய்வதைப் பார்த்து, "இது ஏன் சரிகின்றது?" என ஒரு வினா வினவுங்கள். மூன்றாவதாக, வருகின்ற பரிசளிப்பு விழாவிலே நூறு புள்ளி எடுத்த பிள்ளைக்குப் பரிசளிக்கும் அதே மேடையில், தன் பாடசாலையின் ஒரு குறையைக் கண்டு கையினாற் தீர்த்த பிள்ளைக்கும் பரிசளியுங்கள். ஊர்த் தச்சரையும் அம்மேடையில் அமர்த்துங்கள். நவராத்திரிப் பீடத்தில் ஓராண்டுக்கொருமுறை நாம் செய்வதை விழா மேடையிலும் செய்வோமாக.

எங்கள் மூங்கிற்றட்டு இன்றும் நிற்கின்றது. இரண்டு மாதத்தில் ஒரு கட்டுத் தளர்ந்தது. யான் கூறுமுன்னரே இரு பிள்ளைகள் அதனை அவிழ்த்து மீண்டும் இறுக்கினர். தளர்ந்ததைக் கண்டு, பிறர் வந்து திருத்துவாரெனக் காத்திராது, தாமே கட்டும் அப்பழக்கம் தட்டோடு நில்லாது வீட்டுக்கும் ஊருக்கும் செல்லுமாயின், அதனை யாப்பிலக்கணத்தினும் தாழ்ந்த கல்வி என எவர் கூறுவார்? என் நண்பர் கணக்காளர் அடுத்த ஒன்றுகூடலுக்கு வருவார் என நம்புகின்றேன். அவரை ஒருநாள் வத்தேகமவுக்கு அழைத்துச் சென்று, பிள்ளைகளோடு தரையில் இருத்தி, கையில் ஒரு துண்டுச் சணல் நூலைக் கொடுக்க எண்ணியுள்ளேன்.

யூபிலி காணும் நம் கல்லூரி நீடு வாழ்க!